பவர் ஏறிக்கொண்டே போகிறதா?

நம் கழகத்தின் ஆண்டு மலரில் கண்ணைப் பற்றி யாராவது எழுதினால் கயல்விழி, வேல்விழி என்றுதான் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். கவிதைப் பக்கங்களில் அதற்குக் குறைவிருக்காது. நான் எழுத வந்திருப்பதோ விழியின் கோணலைப் பற்றி. பொறியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் இரு கண்களிலும் அந்தக் கோணல் இருக்கிறது. அதுதான் என் தகுதி. அதைப் பற்றி வெளிவரும் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். வேண்டுமானால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் உங்கள் கண்ணாடியின் பவர், அதிலும் கடைக்காரர்கள் ‘சிலாவ்’ என்று சொல்லும் அந்த எண், ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், அடுத்த கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். கருவிழியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இது முதல் கோரிக்கை. இன்னொன்றும் இருக்கிறது. அது நம் கழகத்தை நோக்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிவான படலமே கருவிழிப் படலம். அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய தோலே செய்கிறது. அது பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் பிரச்சினையில்லை. கரண்டியின் முதுகைப்போல் ஒரு பக்கம் அதிக வளைவும் குறுக்கே குறைந்த வளைவும் இருந்தால் அது சாதாரண அஸ்டிக்மாட்டிசம். கோடி மக்களுக்கு இருக்கிறது. உருளை வடிவக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் நசுங்கிய எவர்சில்வர் டம்ளரைப்போல் இங்கொரு மேடும் அங்கொரு சரிவுமாக வளைவு ஒழுங்கு தவறிப்போனால், எந்தக் கண்ணாடியாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அதற்குப் பெயர் ஒழுங்கற்ற அஸ்டிக்மாட்டிசம். விழியில் காயம், கிருமித் தொற்று, அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் இது வரலாம். இளைஞர்களிடம் வரும்போது பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கெராட்டோகோனஸ். படலம் மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தில் கூம்புபோல் முன்னே பிதுங்கும் நோய். 1854இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இதைப் பற்றித் தெளிவாக எழுதி வைத்தார். பருவ வயதில் தொடங்கி, முப்பது நாற்பதுக்குள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்பதற்குள் எவ்வளவு சேதம் செய்துவிட்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த நோய் உள்ளவனின் உலகம் வெறுமனே மங்கலாக இருப்பதில்லை. ஒன்று பலவாகத் தெரியும். ஜொகூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். விடியற்காலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் நானும் சில காலம் இருந்தேன். முன்னே போகும் நூறு வண்டிகளின் சிவப்பு விளக்குகளும் எனக்கு மட்டும் நானூறாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வால். எந்த விளக்கு நிஜம், எது அதன் நிழல் என்று பிரித்தறிந்து பிரேக் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை கண்ணாடி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடையில் கிடைத்த விளக்கம், “சிலாவ் ஏறியிருக்கிறது தம்பி, கம்ப்யூட்டர் பார்ப்பதைக் குறைத்துக் கொள்ளுங்கள்” என்பதே. கடைக்காரரைக் குறை சொல்லி என் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்பவில்லை. அவரிடம் இருந்த கருவி சராசரி வளைவை மட்டுமே அளக்கும். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று காட்டாது. நம் நாட்டின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டம் ஒப்டிஷியனையும் ஒப்டோமெட்ரிஸ்டையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. கடைக்குள் நுழையும்போது நமக்கு எதிரில் நிற்பவர் இருவரில் யார் என்று கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

நான் சொல்லும் படம் எடுப்பதில் வலியில்லை. 1880ஆம் ஆண்டுகளிலேயே போர்த்துகல் நாட்டு மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தட்டை நோயாளியின் முகத்துக்கு முன்னே பிடித்து, விழியில் விழும் பிம்பத்தைப் பார்த்தார். வட்டம் வட்டமாகத் தெரிந்தால் நலம். இழுத்துவிட்ட கோலம்போல் கோணினால் அந்த இடத்தில் மேடு. இன்றைய கணினிக் கருவிகள் பலவும் அதே வட்டங்களைத்தான் காட்டுகின்றன. வேறு சில, படலத்தின் தடிமனையும் பின்புற வளைவையும் சேர்த்து அளந்து வண்ண வரைபடமாகத் தருகின்றன. எல்லாம் சில விநாடி வேலை.

இந்த நோய் யாருக்கு வருகிறது? இங்கேதான் நாம் காது கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எடுத்த கணக்கு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்குள்ள வெள்ளையரைவிட ஆசியருக்கு, அதாவது இந்தியத் துணைக்கண்டத்தாருக்கு, இந்நோய் நான்கு மடங்கு அதிகம் என்றும் குறைந்த வயதிலேயே வருகிறது என்றும் அது சொன்னது. யார்க்‌ஷயர் பகுதியில் 2004இல் வெளிவந்த இன்னொரு கணக்கு ஏழு மடங்குக்கும் மேல் என்றது. மகாராஷ்டிர மாநிலத்தில் நாக்பூரை ஒட்டிய கிராமங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த ஆய்வு, 2009இல், நூற்றுக்கு 2.3 பேர் என்று அறிவித்தது. இந்தக் கடைசி எண்ணை நான் சற்று ஒதுக்கியே வைக்கிறேன். அவர்கள் விழியின் வரைபடம் எடுக்கவில்லை. வளைவின் அளவு ஓர் எல்லையைத் தாண்டினாலே நோய் என்று கணக்கிட்டார்கள். லெஸ்டர் ஆசியர்களில் பெரும்பாலோர் குஜராத்தியர், யார்க்‌ஷயரில் பாகிஸ்தானியர் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர்கள் எண்ணை அப்படியே எடுத்து நம் நெற்றியில் ஒட்டிக்கொள்ள முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: லெஸ்டரில் எண்ணியதுபோல் ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யார்க்‌ஷயர் ஆய்வாளர்கள், உறவுக்குள் திருமணம் ஒரு காரணமாக இருக்குமோ என்று ஐயம் எழுப்பினார்கள். இஸ்ரேலில் நடந்த ஆய்வும் அதே பக்கம் கை காட்டியது. அத்தை மகன், மாமன் மகள் என்று முறை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சங்கடமான கேள்விதான், அதற்காகக் கேட்காமல் விட முடியாது. இன்னொரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: கண்ணைக் கசக்குவது. அமெரிக்காவில் 1,209 நோயாளிகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் கண்ணை அழுத்திக் கசக்குபவர்கள். பாரிஸ் நகரத்து மருத்துவர் தாமியன் கத்தினெல், கசக்காவிட்டால் கூம்பே இல்லை என்றுகூட வாதிடுகிறார். அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனாலும் புகைமூட்டக் காலத்தில் கண் அரிக்கும்போது, “கசக்காதேடா” என்று கையைத் தட்டிவிட்ட நம் அம்மாக்கள், அறிவியல் அறியாமலே அறிவியல் பேசியிருக்கிறார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். மிகப் பழையது, இன்றும் முதலிடத்தில் இருப்பது, கடினக் காண்டாக்ட் லென்ஸ். 1888இல் சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் முதன்முதலில் கண்ணில் பொருத்திய கண்ணாடி லென்ஸே இத்தகைய கோணல் விழிகளுக்காகத்தான். தத்துவம் எளிது. மேடுபள்ளமான தரையில் தண்ணீரைத் தேக்கி மேலே சமமான கண்ணாடி ஒன்றை வைத்தால் பள்ளம் மறைந்துவிடுகிறது அல்லவா? லென்ஸுக்கும் விழிக்கும் இடையில் கண்ணீர் நிரம்பிக்கொள்கிறது. ஒளியை வளைப்பதில் கண்ணீரும் கருவிழியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒளிக்கு அந்த மேடுபள்ளம் தெரிவதில்லை. என் வலக் கண் இன்று எழுத்தைப் படிப்பது இந்த உபகாரத்தால்தான். மிக முற்றியவர்களுக்கு விழியின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது. வசதியானது, விலைதான் வசதியில்லாதது. பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவனிடம் அந்த விலையைச் சொன்னால் அவன் கண் தானாகவே விரியும்.

ஆனால் லென்ஸ் பார்வையைத் தருமே தவிர நோயை நிறுத்தாது. நிறுத்தும் வழி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தது. வொல்லென்சாக், ஸ்பெர்ல், சைலர் என்ற மூவர் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் 22 நோயாளிகளின் 23 கண்களைப் பற்றி எழுதினார்கள். விழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டுகளை ஊறவிட்டு, அரை மணி நேரம் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவது, அவ்வளவுதான். படலத்தின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைப்பாகின்றன. பல் மருத்துவர் நிரப்பியை நீல விளக்கால் இறுக்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த 23 கண்களிலும் நோய் முன்னேறுவது நின்றது என்றார்கள்.

நம்பலாமா? நான் சற்று முன் சொன்னேன்: இந்நோய் வயதானால் தானாகவே நின்றுவிடும். அப்படியானால் நின்றது சிகிச்சையாலா, வயதாலா? சிகிச்சை பெறாத கண்களை அருகில் வைத்துப் பார்க்காமல் இதற்கு விடை கிடையாது. அதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து ஆய்வாளர்கள். நூறு கண்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிக்குச் சிகிச்சை, மறுபாதிக்குக் கண்காணிப்பு என்று பிரித்தார்கள். மூன்றாண்டு முடிவு 2014இல் வந்தது. சிகிச்சை பெற்ற கண்களின் வளைவு சராசரியாக ஒரு டயாப்டர் தட்டையாகியிருந்தது, பெறாதவற்றில் 1.75 டயாப்டர் கூடியிருந்தது. இதன்பின் 2016இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தது. பிரிட்டனில் பத்து முதல் பதினாறு வயதுள்ள 60 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒன்றரை ஆண்டில் நோய் முற்றியவர்கள் சிகிச்சை பெற்ற குழுவில் நூற்றுக்கு 7 பேர். பெறாத குழுவில் 43 பேர். (இந்த ஆய்வை வழிநடத்தியவர் பெயர் ஃபிராங்க் லார்கின். ஜொகூர் பாருவின் பேருந்து நிலையத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு அந்தப் பெயர் மறக்காது என்பது தவிர.)

ஏழும் நாற்பத்து மூன்றும். மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வித்தியாசம், பின்னாளில் ஓட்டுநர் உரிமம் கிடைக்குமா, விமானப் பராமரிப்பு வேலைக்கு மனுப் போட முடியுமா என்பது வரை நீளும். இன்னொரு செய்தியும் இதற்குள் இருக்கிறது. இந்தச் சிகிச்சை இருப்பதைக் காக்கும். போனதைப் பெரிதாகத் திருப்பித் தராது. படலம் 400 மைக்ரானுக்குக் கீழே மெலிந்துவிட்டால் டிரெஸ்டன் முறையைச் செய்வதற்கே தயங்குவார்கள். ஒளி ஊடுருவி உள் அடுக்கு உயிரணுக்களைக் கெடுத்துவிடும். என் இடக் கண் இந்த எல்லைக்கு மேலே இருந்தது, சிகிச்சை பெற்றது. வலக் கண்ணுக்கு அந்த வாய்ப்பு முடிந்திருந்தது.

நம்மவர் பங்கு என்ன என்று கேட்பீர்கள். சென்னை அகர்வால் கண் மருத்துவமனையின் டாக்டர் சூசன் ஜேக்கப், மெலிந்த விழிகளுக்கென்றே 2014இல் ஒரு வழி சொன்னார். ரைபோஃபிளேவினில் ஊறவைத்த மெல்லிய மென்லென்ஸ் ஒன்றை விழிமேல் வைத்துவிட்டு ஒளியைப் பாய்ச்சுவது. லென்ஸின் தடிமனும் சேர்ந்துகொள்வதால் உள் அடுக்கு தப்பிக்கிறது. எவ்வளவு எளிய யோசனை! கோணலையே நிமிர்த்தும் முயற்சியாக, பிரான்சின் ஜோசப் கோலின் 2000ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் வளையத் துண்டுகளை விழிக்குள் செருகிய முடிவுகளை வெளியிட்டிருந்தார். சூசன் ஜேக்கப் 2018இல், பிளாஸ்டிக்குக்குப் பதில் தானமாகக் கிடைத்த கருவிழியிலிருந்தே வளையத் துண்டு வெட்டிச் செருகி, 20 பேரின் 24 கண்களில் கிடைத்த பலனை வெளியிட்டார். உலகின் பல நாடுகளில் இன்று அதைப் பின்பற்றுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே மூச்சில் சொல்ல வேண்டியது: 24 கண்கள் கொண்ட ஒரு தொடர், மெல்பர்னில் நடந்ததுபோன்ற ஒப்பீட்டு ஆய்வு ஆகாது. ‘சென்னையில் புதுச் சிகிச்சை’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி வீட்டு நகையை விற்று விமானம் ஏற நினைப்பவர்கள், எத்தனை பேரை, எத்தனை ஆண்டு, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பெருமை வேறு, ஆதாரம் வேறு.

லேசிக் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி தொல்லை என்று லேசிக் சலுகை தேடும் நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒளிந்திருக்கும் கெராட்டோகோனஸ் மேல் லேசிக் செய்தால் படலம் மேலும் மெலிந்து பிதுங்கிவிடும். 1998இல் இதை எச்சரித்தவர் மேலே சொன்ன அதே சைலர். வரைபடம் எடுக்காமல் லேசிக் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி இரண்டாவது கோரிக்கை. ஆய்வு என்றாலே நம் வீடுகளில் “நம்மள எலியா நினைச்சிட்டாங்களா?” என்ற கேள்வி வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதினேழு வயது மகனை ஓர் ஆய்வில் சேர்க்க ஒரு மருத்துவமனையில் ஒப்புதல் பாரம் கொடுத்தார்கள். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்த அந்தத் தாய், ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, “இதுல என்னதான்பா எழுதியிருக்கு?” என்று என்னிடம் நீட்டினார். அவர் அஞ்சியது ஊசிக்கோ விளக்குக்கோ அல்ல. தன் மகன் சிகிச்சை பெறாத குழுவில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. மிகச் சரியான கேள்வி! நோய் முற்றினால் உடனே அவனுக்கும் சிகிச்சை தரப்படும் என்ற பதில் நான்காம் பக்கத்தில் இருந்தது. அவரால் படிக்க முடியாத மொழியில் இருந்தது.

நான் மொழிபெயர்த்துச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆய்வில் ஆட்களைப் பிரிக்கும் முறைக்குத் தமிழில் ‘சமவாய்ப்பு’ என்கிறார்கள். இலங்கையில் ‘எழுமாறு’ என்பார்கள். இரண்டும் அந்தத் தாய்க்கு எட்டவில்லை. ‘சீரற்ற முறை’ என்று எழுதிய ஒரு குறிப்பையும் பார்த்திருக்கிறேன். கண்ணும் சீரற்றது, முறையும் சீரற்றது என்றால் யார்தான் கையெழுத்துப் போடுவார்? ‘சீட்டுக் குலுக்குவது’ என்றேன். முகம் தெளிந்தது. கூட்டுப் பணம் கட்டுகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கலின் நியாயம் நன்றாகவே தெரியும்: யார் பெயர் வரும் என்று குலுக்குபவருக்கும் தெரியாது, அதனால்தான் அது நேர்மையானது. மகன் சேர்ந்தானா இல்லையா என்பது அவர்கள் வீட்டு விஷயம். தெரிந்து முடிவெடுத்தார்கள், எனக்கு அது போதும்.

பட்டிமன்றமும் கவியரங்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் மருத்துவமும் மருந்தியலும் படிக்கும் மாணவர்களும் தமிழியல் மாணவர்களும் ஒரே மண்டபத்தில் உட்காரும் இடம் நம் கழகம் போன்ற அமைப்புகள்தான். ஒப்புதல் பாரத்தையும் விளக்கத் தாளையும் ஒரு பாட்டிக்குப் புரியும் தமிழில் எழுதும் வேலையை இவர்களைவிட யார் செய்வார்? ஆய்வு நடத்தும் மருத்துவர்கள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்? தமிழர் எண்ணிக்கை குறைவாக உள்ள ஆய்வின் முடிவைத் தமிழருக்குப் பொருத்திச் சொல்வது அவர்களுக்கும் சிரமம்தான்.

கண் தானத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்கான முக்கியக் காரணங்களுள் கெராட்டோகோனஸும் ஒன்று. அதற்கு வேண்டிய கருவிழிகள் கணிசமாக வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964 முதலே சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கியது. கண்ணப்ப நாயனார் கதையை மேடைதோறும் முழங்கும் நாம், இறந்தபின் எரிக்கப் போகும் கண்ணுக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

இவ்வாண்டுச் செயலவை கண் பரிசோதனை முகாம் நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல முயற்சி. இலவசக் கண்ணாடி கொடுப்பதோடு நிறுத்தாமல், வரைபடக் கருவி வைத்திருக்கும் ஒப்டோமெட்ரி துறையினரை அழைத்து வாருங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் அத்துறை இருக்கிறது. வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு ஆண்டில் பவர் எத்தனை முறை மாறியது, கண்ணைக் கசக்குவீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது கண்ணாடியால் தீராத பார்வைக் கோளாறு உண்டா. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மருத்துவரோ ஒப்டோமெட்ரிஸ்டோ சொல்லும் நாள்கள்வரை அதைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவமே படத்தில் விழும். விளக்கத் தாளின் முதல் வரைவை நான் எழுதித் தருகிறேன். தமிழியல் மாணவர்கள் திருத்தட்டும். திருத்திய பிறகு அதை முதலில் அந்தத் தாயிடம் காட்டுவோம்.